வெண்கலத்தைத் தின்னும் நீர்க்குமிழி!

குழந்தை ஊதினாலே உடைந்துவிடும் நீர்க்குமிழி. அந்தக் குமிழி ஒரு கப்பலையே ஓடவிடாமல் தடுத்தது. வெண்கலத்தையும் அரித்துத் தின்றது!

1894-ம் ஆண்டு இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் என்ற என்ஜினீயர் "டர்பினியா" என்ற கப்பலைக் கட்டினார். நீளம் சுமார் 30 மீட்டர். அவருடைய நீராவி டர்பைன் எந்திரம் அதில் இருந்தது. எந்திரம் பேய் வேகத்தில் சுற்றியது. கப்பலோ மணிக்கு 37 கிலோ மீட்டர்கூட போகவில்லை! கப்பலைத் தள்ளும் சுழல் விசிறியைப் பலமுறை மாற்றினார். பயன் இல்லை.

காரணம் என்ன?

பார்சன்ஸ் ஒரு சிறு தொட்டி செய்தார். அதில் சின்ன விசிறியைச் சுழலவிட்டு, விளக்கொளியில் கவனித்தார். விசிறியைச் சுற்றிக் குமிழிகள்!

தண்ணீர் ஆவியாகச் சூடு மட்டும்தான் வேண்டும் என்பதில்லை. அழுத்தம் மிகவும் குறைந்தாலும் ஆவியாகும். உயர்ந்த மலை உச்சியில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பது இதனால்தான். விசிறி வேகமாகச் சுழலும்போது இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அங்கே குளிர்ந்த நீரே குமிழியாகிறது. பிறகு விசிறி எதைத் தள்ளும்? சேற்றில் சிக்கிய வண்டிச்சக்கரம்போலச் சுற்றவேண்டியதுதான்!

பார்சன்ஸ் ஒரு விசிறிக்குப் பதில் 9 விசிறிகளை வைத்தார். பாரம் பிரிந்தது. குமிழித் தொல்லை குறைந்தது. 1897 ஜூன் 26-ந் தேதி, விக்டோரியா ராணியின் 60-ம் ஆண்டு ஆட்சி விழாவுக்காகக் கடற்படை அணிவகுத்து நின்றது. அதன் நடுவே டர்பினியா சீறிப் பாய்ந்தது. காவல் படகால் பிடிக்க முடியவில்லை. அதன் வேகம் மணிக்கு சுமார் 63 கிலோ மீட்டர்! அந்தக் கப்பலை நியூகாசில் நகரப் பொருட்காட்சி சாலையில் இன்றும் பார்க்கலாம்.

ஊசிக் குத்து

ஆனால் வேறு கப்பல்களின் வெண்கல விசிறிகளில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுந்தன. 1917-ல் ராலே பிரபு என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினார். அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் குமிழி நசுங்குகிறது. சுற்றியுள்ள நீர் பாய்ந்து வந்து மோதுகிறது. அந்த ஒரு புள்ளியில் பயங்கர அழுத்தம் உண்டாகிறது. பக்கத்தில் உலோகம் இருந்தால், நீர் ஊசிபோல அதைக் குத்தும். ஒரு குத்தை வெண்கலம் தாங்கும். ஓயாமல் கோடிக் குத்து விழுந்தால்?

இந்தக் குத்து நல்ல காரியத்துக்கும் உதவுகிறது. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், கத்தி வைக்காமலே ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல் உடைக்கப்பட்டது. உடலுக்கு வெளியிலிருந்து அதிர்ச்சி அலைகளை அனுப்பினார்கள். அலை கல்லைத் தாக்குகிறது. அலை கிளப்பிய குமிழிகளும் நசுங்கும்போது கல்லைக் குத்திப் பொடியாக்குகின்றன. பொடி சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது!