ஏரியைக் காப்பது ஊர் வழக்கம்



நெல்லித்தோப்பிலிருந்து புதுவை டவுனுக்குள் போகிறவர்கள் பாரதி பூங்காவில் வெள்ளை மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்திலே குளம் வெட்டிய தாசி ஆயி என்பது ஊர்க் கதை. முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் 19-ஆம் நூற்றாண்டில் நகருக்கு வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்திலே அவர் பேரில் மண்டபம் எழுந்தது. தண்ணீரைக் கொண்டு வந்தது இன்ஜினீயர் வேலை. அதை மதிக்கக் கற்றுக் கொடுத்தது கதை.

ஏரிக்கும் இதே கணக்குத்தான். புதுவைப் பகுதியில் ஊசுடு, பாகூர் முதலாக 84 ஏரிகள். வாய்க்கால் தூர்வாருவது, கரை பலப்படுத்துவது எல்லாம் அன்று ஊர் கூடிச் செய்த குடிமராமத்து. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவருக்கு அறுவடையிலே நெல் அளந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறு வந்ததும், 'எனக்கென்ன ஏரி?' என்று ஆளாளுக்கு ஒதுங்கினோம். ஏரியிலே தண்ணீர் நிற்காவிட்டால் கிணற்றுக்கு ஊற்று ஏது? கடலோரத்திலே அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீரல்லவா உள்ளே வரும்!

1999-இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கியபோது, விவசாயிகளைக் கொண்டு ஏரிச் சங்கங்கள் அமைத்தது இதற்காகத்தான். பணம் மதகைக் கட்டும், காப்பது ஊர்தான்.

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்பே ஊரைக் கூட்டுங்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வாய்க்காலில் இறங்கட்டும். மதகு, கலங்கல் இரண்டையும் பாருங்கள். அனுமதி வாங்கி, வண்டலை வயலுக்கு அடியுங்கள். பிள்ளைகளையும் கரைக்குக் கூட்டிப் போங்கள். பார்த்து வளர்ந்தவன்தான் நாளைக்குக் காப்பான்.