யந்திரத்திற்குக் கற்பிக்க வருவோர் முதலில் கற்க வேண்டுவது

‘மெஷின் லேர்னிங்’ என்னும் பதம் இன்று வாலிபர்களின் வாயில் மந்திரம்போல் வழங்குகிறது. யந்திரங்கள் உதாரணங்களைக் கண்டு தாமே கற்கும்படி செய்யும் சாஸ்திரம் என்பது அதன் பொருள். சர்வகலாசாலைகளில் இப்பாடத்தை நாடி மாணாக்கர் திரள் திரளாக வருகின்றனர். அவர்களிற் பலர் எதிர்பார்ப்பது ஒன்று. வகுப்பிற் காண்பது மற்றொன்று. இதனை முன்கூட்டியே எடுத்துரைப்பது நமது கடமையாகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் நடைபெறும் ‘சிஎஸ் 229’ என்ற வகுப்பு இத்துறையில் பெயர் பெற்றது. அதை நடத்திய ஆசிரியர் ஆண்ட்ரூ இங், 2011-ம் வருஷத்தில் பாடத்தைச் சற்று எளிதாக்கி இன்டர்நெட் வழியாக இலவசமாய் அளித்தார். ஒரு லட்சம் பேருக்கு மேல் பெயர் பதிந்தனர், முடித்தவரோ சிறுபான்மையோரே. ஆவல் வேறு, பயிற்சி வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வகுப்பின் வாசலிலேயே கணிதம் காவல் நிற்கிறது. அணிகளைக் கையாளும் இயற்கணிதம், நிகழ்தகவு, புரோகிராம் எழுதும் பழக்கம் ஆகியவை இன்றி உள்ளே நுழைந்தவர் திணறுவர். அற்புதங்களை எதிர்பார்த்து வருவோருக்கு முதலில் வைக்கப்படும் உதாரணமும் மிகச் சாமானியமானதே. போர்ட்லண்டு நகரத்து 47 வீடுகளின் பரப்பும் விலையும் தரப்படுகின்றன. புதிய வீடொன்றின் விலையை மதிப்பிட, அப்புள்ளிகளினூடே ஒரு கோடு வரைய வேண்டும். கோட்டிற்கும் புள்ளிகளுக்கும் உள்ள பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அத்தொகையைக் கூடியமட்டும் குறைப்பதே முறை. இம்முறையைப் பிரெஞ்சுக் கணித நிபுணர் லெஜாந்தர் 1805-லேயே பிரசுரித்துவிட்டார். இன்றைய பெரும் யந்திரங்களும் தம் பிழையை அளந்து, சிறிது சிறிதாகக் குறைத்தே கற்கின்றன. மந்திரமென்று மயங்கியது கணக்கென்று தெளிவதே இப்பாடத்தின் முதற்பயன்.

இரண்டாவது பயன் இன்னும் பெரிது. அது நேர்மையைப் பற்றியது. விடைகளை நெட்டுருப் போட்ட மாணாக்கன் அதே கேள்விகளுக்கு முழு மார்க்கு வாங்குவான். புதுக் கேள்வியில் விழிப்பான். யந்திரமும் அத்தகையதே. ஆகையால் பயிற்சிக்கு வைத்த விவரங்களை ஒருபுறமும், பரீட்சைக்கு வைத்தவற்றை மறுபுறமும் பிரித்துவைத்தல் இப்பாடத்தின் தருமம். கையெழுத்து எண்களின் பிரசித்தமான தொகுப்பொன்றில் 60,000 படங்கள் பயிற்சிக்கும் 10,000 பரீட்சைக்கும் ஒதுக்கப்பட்டிருப்பது இதனாலேதான். பரீட்சைத் தாளை முன்னரே யந்திரத்திற்குக் காட்டிவிட்டு வெற்றி முழங்குவது தன்னைத்தானே வஞ்சிப்பதாகும்.

இத்தருமம் வகுப்பறையோடு நிற்பதன்று. முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று யந்திரங்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டனர். வெண்ணிற ஆடவர் விஷயத்தில் பிழை நூற்றுக்கு 0.8-ஐத் தாண்டவில்லை; கருநிறப் பெண்டிர் விஷயத்திலோ 34.7 வரை ஏறிற்று. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி இவ்வநீதியை மூடி மறைத்துவிடும். யாருக்கு எவ்வளவு பிழை என்று பிரித்துக் கேட்டவர்க்கே உண்மை புலப்பட்டது.

கடன் கொடுப்பதிலும், ஆள் எடுப்பதிலும், குற்றம் தேடுவதிலும் இந்த யந்திரங்கள் புகுந்துவரும் நாளில், அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் நாட்டுக்கு வேண்டும். உத்தியோகம் கிடைக்கலாம், அதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் பிறர் இயற்றிய புரோகிராமை ஏவிவிட்டு விடையை நம்பியிருப்பவன் இப்பாடத்தைப் படித்தவனாகான். யந்திரம் எதைக் கண்டு கற்றது, எதைக் காணவில்லை, அதன் பிழை யார் தலையில் விழுகிறது என்று விசாரிக்க வல்லவனே படித்தவன். வாலிபர்கள் கணிதத்தைக் கண்டு அஞ்சாது, இவ்விசாரணைக்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொள்வார்களாக!