பட்டினமும் ஊரும்: காவிரிக் கழிமுகக் கடற்கரையில் காணத்தக்க இடங்கள்

ஆய்வுச் சுருக்கம்

காவிரிப்பூம்பட்டினம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகிய மூன்றும் சோழமண்டலக் கடற்கரையின் வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் சிறந்து விளங்கிய துறைமுகங்களாகும். இவற்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கடலோரச் சின்னங்களோடு திரும்பிவிடுகின்றனர். ஒவ்வொரு பட்டினத்தின் வரலாற்றுக்கும் உரிய சான்றுகளில் ஒரு பகுதி அதனை அடுத்துள்ள சிற்றூர்களில் உள்ளது. எனவே பட்டினத்தையும் ஊரையும் இணைத்துக் காண்பதே முறை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: சோழமண்டலக் கடற்கரை, பூம்புகார், தரங்கம்பாடி, பொறையாறு, நாகப்பட்டினம், ஆனைமங்கலம்.

முன்னுரை

கடற்கரைப் பட்டினங்களின் வரலாற்றை எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கடல் கரையை அரிக்கிறது. ஆறு தன் முகத்துவாரத்தை மாற்றுகிறது. துறைமுகத்தைக் கைப்பற்றும் ஒவ்வோர் அரசும் முந்தைய கட்டடங்களை அழித்தோ மாற்றியோ அமைக்கிறது. இதனால் கடலை ஒட்டி எஞ்சியிருப்பது மிகக் குறைவு. ஆயினும் பட்டினம் தனித்து வாழ்ந்ததில்லை. அதற்கு நெல் அளித்த ஊரும், தொழிற்கூடம் அமைய இடம் தந்த ஊரும், வழிபாட்டிடத்தைத் தாங்கிய ஊரும் இருந்தன. காவிரிக் கழிமுகத்தில் பூம்புகார் முதல் நாகப்பட்டினம் வரை ஏறத்தாழ 40 கி.மீ. நீளும் கடற்கரை இவ்வுறவைக் காண ஏற்ற களமாகும்.

காவிரிப்பூம்பட்டினமும் கீழையூர், மேலையூர்ப் பகுதிகளும்

சங்க இலக்கியமும் இரட்டைக் காப்பியங்களும் போற்றும் புகார் நகரை இன்றைய பூம்புகார்க் கடற்கரையில் தேடுவோர்க்குக் கிடைப்பது அலையும் மணலுமே. கடல்கோளால் நகர் அழிந்த செய்தியை மணிமேகலை கூறுகிறது. கடலடி ஆய்வுகளும் இப்பகுதியில் நிகழ்ந்துள்ளன.

நிலத்தில் கிடைத்த சான்றுகளே தெளிவானவை. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வில் கீழையூரில் மரத்தூண்களோடு கூடிய செங்கற் கட்டுமானம் ஒன்று வெளிப்பட்டது. அது படகுத்துறை மேடை எனக் கருதப்படுகிறது. வானகிரியில் செங்கல்லால் அமைந்த நீர்த்தேக்கம் கண்டறியப்பட்டது. மேலையூரை ஒட்டிய பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளமும் புத்த பாதக் கல்லும் கிடைத்தன. விகாரை இருந்த இடத்துக்கு அருகிலேயே சம்பந்தர் பாடிய சிவாலயம் அமைந்துள்ளது. பௌத்தமும் சைவமும் ஒரே நிலப்பரப்பில் தடம் பதித்தமையை இங்கு நேரில் உணரலாம். காப்பியம் காட்டும் பல்சமய நகரைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குக் கடற்கரையைவிட இச்சிற்றூர்களே பயன்படுவன.

தரங்கம்பாடியும் பொறையாறும்

1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்வழி தேனியர் (டென்மார்க்கு நாட்டினர்) தரங்கம்பாடியில் டேன்சுபர்க்கு கோட்டையை எழுப்பினர். 1845இல் இக்குடியிருப்பு ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. ஆயினும் ஊரின் வரலாறு தேனியரோடு தொடங்கவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி எனக் குறிக்கிறது. இக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் அச்சு வரலாற்றில் குறிப்பிடத்தக்கவர். செருமனியின் ஆலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன; தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. தாள் தட்டுப்பாட்டைப் போக்கக் காகிதப் பட்டறை ஒன்று தொடங்கப்பட்டது. அப்பட்டறை அமைந்தது கோட்டைக்குள் அன்று, அருகிலுள்ள பொறையாற்றில். கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதன் நினைவைச் சுமக்கிறது. கோட்டையையும் 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தையும் காண்போர் பொறையாற்றைத் தவிர்த்தால் அச்சுத்தொழிலின் பாதியையே கண்டவராவர்.

நாகப்பட்டினமும் ஆனைமங்கலமும்

பட்டினத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவுக்கு மிக வலுவான எழுத்துச் சான்று நாகப்பட்டினத்துக்கு உண்டு. சீவிசய அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் இங்குச் சூடாமணி விகாரையை எழுப்பினான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அவ்விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். 21 ஏடுகள் கொண்ட பெரிய லைடன் செப்பேடு இக்கொடையைப் பதிவு செய்கிறது. 97 வேலிக்கு மேற்பட்ட நிலமும், ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் வருவாயும் அதில் கணக்கிடப்பட்டுள்ளன. பிடி சூழ்ந்து ஊரெல்லை வரையறுத்த முறையையும் அது விரித்துரைக்கிறது. கடல்கடந்த அரசன் ஒருவன் கட்டிய பள்ளியின் அன்றாட வாழ்வு காவிரி நீர் பாய்ந்த வயலைச் சார்ந்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தரும், 1781இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயரும் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். இத்தனை மாற்றங்களையும் கடந்து நின்ற செங்கற் கோபுரம் ஒன்று, விகாரையோடு தொடர்புடைய பௌத்தக் கட்டடத்தின் எச்சமாகக் கருதப்பட்டது. 1867இல் அரசின் ஒப்புதலோடு அது இடிக்கப்பட்டது. 1856 முதல் இப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகள் அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. விகாரையைக் காணப் பட்டினத்துக்குச் செல்வோர்க்கு இன்று காண ஒன்றுமில்லை. கீழ்வேளூர் வட்டத்திலுள்ள ஆனைமங்கலமோ அதே பெயரோடு நிலைத்திருக்கிறது.

முடிவுரை

மூன்று இணைகளும் உணர்த்துவது ஒன்றே. பட்டினம் இழந்ததை ஊர் வெவ்வேறு வடிவில் காத்துள்ளது: கீழையூரில் கட்டுமானமாக, பொறையாற்றில் இடப்பெயராக, ஆனைமங்கலத்தில் ஊராகவே. இச்சான்றுகள் கோட்டையைப்போல் கண்ணைக் கவர்வன அல்ல. ஆதலின் எளிதில் அழியக்கூடியவை. மனைப்பிரிவு ஒன்று வரும்போது ஓர் இடப்பெயர் வழக்கொழிந்துபோகும்; வாய்க்கால் தூர்ந்தால் செப்பேட்டின் எல்லைக் குறிப்பை நிலத்தில் பொருத்திப் பார்க்க இயலாது. மாணவரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் துறைகள் பயணத் திட்டத்தில் இவ்வூர்களுக்கு ஒரு வேளை ஒதுக்கி, வயல், குளம், தெரு ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். கோபுரத்தை 1867இல் காக்க இயலவில்லை. பெயர்களை இன்றும் காக்க இயலும்.