பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

வீடு மாறிய மறுநாள் பெட்டியைப் பிரித்தால் டிவி திரை முழுக்கக் கோடு. பேக்கர்ஸ் ஆபீசுக்குப் போன் செய்தால், "சாமான் நல்லபடி வந்ததுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்" என்கிறார்கள். இந்தக் கதையோடு என்னிடம் வருபவர்கள் குறைந்தபாடில்லை.

டிவியை எப்போதும் நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். படுக்கவைத்து மேலே மெத்தையைப் போடுவது திரைக்கு எமன். பிரிட்ஜை முதல் நாளே அணைத்து ஐஸைக் கரைத்துத் துடைத்துவிடுங்கள். அதையும் படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். வழியில் படுக்கவைத்திருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினோடு வந்த நீளமான போல்ட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? வண்டியில் போகும்போது டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்வது அவைதான். இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருப்பது அமிலம், சாயவே கூடாது. ஒவ்வொன்றும் ஓடுவதை, சீரியல் எண் தெரியும்படி, கட்டும் முன் வீடியோ எடுத்துவிடுங்கள்.

இனி காகிதம். 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு ஏற்றும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைச் சோதிக்க வேண்டியவர்கள் அதிகாரிகள். அவர்கள் கேட்காதபோது நாம்தான் கேட்டாக வேண்டும். ஒப்படைக்கும் படிவத்தில் 'வீட்டுச் சாமான்' என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். டிவி, பிரிட்ஜ் என்று தனித்தனியாக, மாடலும் மதிப்பும் எழுதுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதினால் இழப்பீடும் அதோடு நின்றுவிடும். இன்சூரன்ஸ் என்று பணம் வாங்கினால் பாலிசி நகல் கேளுங்கள்; பில்லில் ஒரு வரி போட்டால் அது பாலிசி ஆகாது.

சாமான் இறங்கியதும் ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். டிவி, பிரிட்ஜ் பெட்டிகளையாவது அவர்கள் கண்முன்னே பிரியுங்கள். காத்திருக்க மறுத்தால், 'பெட்டிகள் பிரித்துப் பார்க்கப்படவில்லை' என்று அவர்கள் நீட்டும் டெலிவரி ரசீதிலேயே எழுதி, நேரமும் குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் கையெழுத்து வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், வேண்டாம்.

உடைந்திருந்தால் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுக்கொண்டு மாதங்களை ஓட்டாதீர்கள். எழுத்துமூல நோட்டீஸ் தராமல் வழக்குப் போட முடியாது என்கிறது அந்த 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் 16-வது பிரிவு. முன்பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அது நிறுவனத்தின் கைக்குப் போயிருக்க வேண்டும். கணக்கு தொடங்குவது முன்பதிவு நாளில், சாமான் வந்த நாளில் அல்ல! ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டுகள். பில், படிவ நகல், வீடியோ, நோட்டீஸ் நகல் இவற்றோடு சர்வீஸ் சென்டரின் மதிப்பீட்டையும் இணையுங்கள். அந்த மதிப்பீட்டை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். சரிசெய்த டிவியில் உடைசலைக் காட்ட முடியாது.