இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்

வர்ணம் பூசப்படுவதற்கும், இஞ்சினும் ஆசனங்களும் கண்ணாடிகளும் ஏற்றப்படுவதற்கும் முன்னால், வெறும் எஃகுக் கூடாக நிற்கும் ஒரு மோட்டார் காரின் பாடியை உற்று நோக்கினால், தூரத்திலிருந்து ஒரே வார்ப்பாகத் தோன்றும் அந்தக் கூடு உண்மையில் 150 முதல் 250 வரையிலான தனித்தனித் தகடுகளைச் சேர்த்து அமைத்தது என்பது புலப்படும். ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் கனமே உள்ள எஃகுத் தகட்டைப் பிரம்மாண்டமான பிரஸ்களில் அழுத்தி உருக்கொடுத்து, உருப்பெற்ற துண்டுகளை ஃபிக்ஸ்சர் என்னும் தாங்கிகளில் வைத்து, பின்களாலும் கிளாம்புகளாலும் அசையாமல் பிடித்து, சுமார் 4,000 இடங்களில் மின்சாரத்தால் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து முடிக்கும்போது, ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு தாங்கியும் தத்தம் பங்குக்குச் செய்த சிறு சிறு பிசகுகளெல்லாம் திரண்டு, கடைசியில் கதவுக்கும் அதைச் சூழ்ந்த சட்டத்துக்கும் நடுவில் உள்ள மெல்லிய சந்தில் வந்து வெளிப்படுகின்றன. அந்தச் சந்து ஓரிடத்தில் அகன்றும் வேறிடத்தில் குறுகியும் இருந்துவிட்டால், வேகமாகப் போகையில் காற்று சீறும். மழையில் தண்ணீர் கசியும். கதவைச் சாத்துவதற்கு இரண்டு தரம் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும்.

இத்தகைய பிசகுகளில் இரண்டு வகை உண்டு. வரைபடத்தில் குறித்த இடத்தைவிட ஒரு முனை எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியாக ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்குமானால் அது பெரிய சங்கடமன்று. தாங்கியில் ஷிம் என்ற மெல்லிய துண்டு ஒன்றைச் செருகியோ, செருகியிருப்பதை எடுத்தோ அதைச் சரிப்படுத்திவிடலாம். ஆனால் ஒரு காரில் உள்ளே ஒதுங்கியும், அடுத்த காரில் வெளியே துருத்தியும், மூன்றாவதில் சரியாகவும் அந்த முனை அமையுமானால், எந்த ஷிம்மைக் கொண்டும் அதைத் திருத்த இயலாது. சிதறல் எனப்படும் இந்த இரண்டாவது பிசகை அறிவதற்கு, பல பாடிகளில் அதே முனையை அளந்து, அந்த அளவுகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு, அதை ஆறால் பெருக்கிப் பார்ப்பது மோட்டார்த் தொழிலினரின் வழக்கம். ஜப்பானின் தேர்ந்த தொழிற்சாலைகள் அந்தப் பெருக்குத்தொகையை 2 மில்லிமீட்டர் அளவில் அடக்கி வைத்திருந்த காலத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அது அதற்கு மேற்பட்டே இருந்தது; அந்த வித்தியாசத்தைப் போக்க மேற்கொண்ட முயற்சியிலிருந்துதான் இங்கே நாம் பார்க்கப்போகும் ஆராய்ச்சி பிறந்தது.

அதற்கு முன்பெல்லாம் பாடியை அளப்பதற்கு, வெப்பநிலை மாறாமல் காக்கப்பட்ட தனி அறையில் ஓர் அளவை யந்திரம் இருக்கும். உற்பத்தி லைனிலிருந்து ஒரு பாடியை இழுத்து வந்து அங்கே நிறுத்தினால், மூன்று திசைகளிலும் நகரக்கூடிய அந்த யந்திரத்தின் கை, நுனியில் சிறு மணி பதித்த ஊசி ஒன்றால் பாடியை ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டு அதன் ஸ்தானத்தைக் குறித்துக்கொள்ளும். மெல்லத் தொட்ட மாத்திரத்திலேயே சைகை கொடுக்கும் இந்த ஊசியை, ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் மெக்மர்ட்ரி, கான்கார்டு விமானத்துக்கான இஞ்சினின் குழாய்களை அளக்கும் பொருட்டு 1972இல் அமைத்தார். துல்லியத்தில் அதற்குக் குறைவில்லை. குறை முழுவதும் தாமதத்தில்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான முனைகளைத் தொட்டு முடிப்பதற்கு மணிக்கணக்கில் ஆகும். நிமிஷத்துக்கு ஒன்று வீதம் கார்கள் இறங்கும் லைனில், எட்டு மணி நேர ஷிப்டு ஒன்றுக்குள் 480 பாடிகள் போய்விடும்; அவற்றில் ஒன்றோ இரண்டோதான் அந்த அறைக்குள் நுழையும். ஒன்றிரண்டை அளந்து சராசரியை ஒருவாறு ஊகிக்கலாம். சிதறலை எவ்விதம் அறிவது?

இந்தத் தாமதத்தை நீக்கியது லேசர். 1981இல் மிச்சிகன் மாநிலத்தில் தோன்றிய பெர்செப்ட்ரான் என்ற நிறுவனமும் அதன் வழியே வந்த மற்றவர்களும் கையாண்ட உபாயம் வடிவகணிதத்தின் மிகப் பழைய முக்கோணத் தத்துவமேயாகும். ஒரு சிறு பெட்டிக்குள்ளிருந்து லேசர் ஒளி மெல்லிய கோடாகத் தகட்டின் மேல் விழுகிறது. அதே பெட்டியில் சற்றுத் தள்ளிச் சாய்வாகப் பொருத்திய காமிரா அந்தக் கோட்டைப் பார்க்கிறது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கோடு காமிராவின் படத்தில் ஓரிடத்தில் தெரியும். தகடு சற்றே முன்னுக்கு வந்தாலோ பின்னுக்குப் போனாலோ, காமிரா சாய்ந்து பார்ப்பதால், கோடு படத்தில் இடம் பெயர்ந்து தெரியும். ஒளி புறப்படும் இடம், காமிரா நிற்கும் இடம், இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் ஆகிய மூன்றும் முன்னமே தெரிந்தவையாதலால், எஞ்சியிருக்கும் தூரத்தைக் கம்ப்யூட்டர் கணப்பொழுதில் கண்டுவிடுகிறது. லைனின் ஓரிடத்தில் பெரிய சட்டம் ஒன்றை எழுப்பி, அதில் நூறு பெட்டிகளைப் பாடியின் நூறு முனைகளை நோக்கி நிறுத்திவிட்டால், வந்து நிற்கும் ஒவ்வொரு பாடியும் ஸ்டேஷன் என்னும் அடுத்த வேலையிடத்துக்குப் புறப்படுவதற்குள் முழுவதும் அளக்கப்பட்டுவிடும். எதுவும் பாடியைத் தொட வேண்டியதில்லை. எந்தக் காரும் லைனை விட்டு விலக வேண்டியதில்லை.

ஆனால் ஒரு தொல்லை தீர்ந்த இடத்தில் வேறொன்று முளைத்தது. நூறு முனைகள், 480 பாடிகள் என்றால் ஒரு ஷிப்டுக்கு 48,000 எண்கள். முன்பு எண்களுக்காகக் காத்திருந்தவர்கள், இப்போது எண்களின் நடுவில் திகைத்து நின்றார்கள். ஒரு முனை வரம்பை மீறிவிட்டது என்று யந்திரம் சொல்லும். அதற்கு முன்னாலுள்ள பல ஸ்டேஷன்களில் எதனால் அந்த மீறல் நேர்ந்தது என்று அது சொல்லாது. பாடியின் தாங்கிகள் எல்லாவற்றிலும் சேர்த்து 1,700க்கு மேற்பட்ட பின்களும் கிளாம்புகளும் இருக்கும். குற்றம் அவற்றில் எதனிடம் என்று தெரியாதவரையில், அளவு எத்தனை துல்லியமாயிருந்தும் பயனென்ன?

இந்தக் கேள்வியைத் தமது ஆராய்ச்சியின் மையமாக எடுத்துக்கொண்டவர்களில் முதன்மையானவர் ஷியன்-மிங் வூ. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிப் பெயர்பெற்ற பின் 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், உற்பத்திச் சாலையின் சங்கடங்களைப் புள்ளியியலின் துணைகொண்டு ஆராய்வதில் வல்லவர். அவரும் அவருடைய மாணவர் ஜாக் ஹூவும் 1992இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, பாடிகளில் காணும் சிதறலின் மூலத்தைக் கண்டறியும் வழியொன்றை எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் வூ காலமானார். ஆயினும், கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் சிறு நிறுவனங்கள் சிலவும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒன்றுசேர்ந்து, அமெரிக்க அரசின் பொருளுதவியோடு 1992இல் தொடங்கிய கூட்டு முயற்சிக்கு அந்த வழியே அஸ்திவாரமாயிற்று. '2 மில்லிமீட்டர் திட்டம்' என்பது அதன் பெயர். டெட்ராய்ட் நகரில் ஜீப் கிராண்ட் செரோக்கி வண்டியைத் தயாரித்த ஜெபர்ஸன் நார்த் தொழிற்சாலை, அம்முறை நடைமுறைக்கு வந்த இடங்களில் ஒன்று.

அந்த வழி என்னவென்பதை ஒரே ஒரு பின்னை எடுத்துக்கொண்டு பார்ப்போம். தகட்டைத் தாங்கியில் வைக்கும்போது சாதாரணமாக இரண்டு பின்கள் அதன் இரண்டு துளைகளில் நுழையும். ஒரு துளை வட்டமானது. அதில் நுழையும் பின் தகட்டை முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகரவிடாது. மற்றது நீண்ட துளை. அதில் நுழையும் பின், நீளவாட்டில் இடங்கொடுத்து, தகடு முதற்பின்னைச் சுற்றித் திரும்பாதபடி மட்டும் தடுக்கும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான தகடுகள் உரசுவதாலும், வெல்டிங் பொறிகள் தெறிப்பதாலும் இரண்டாவது பின் சற்றே தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு தகடும் முதற்பின்னை அச்சாகக்கொண்டு ஒரு தடவை இப்பக்கமும் ஒரு தடவை அப்பக்கமுமாகச் சிறிது திரும்பி அமர்ந்து, அந்த நிலையிலேயே பற்றவைக்கப்பட்டுவிடும். கதவு ஆடும்போது கீலின் அருகில் அசைவு தெரியாமலும், கைப்பிடியுள்ள ஓரத்தில் அது மிகுந்தும் இருப்பதுபோல, முதற்பின்னுக்கு அண்மையிலுள்ள முனைகளில் சிதறல் அற்பமாகவும், தொலைவிலுள்ள முனைகளில் தூரத்துக்குத் தக்கபடி அதிகமாகவும் காணும். அதோடு, அம்முனைகளெல்லாம் தனித்தனியே அலையாமல், ஒன்று நகர்ந்தால் மற்றவையும் அதே விகிதத்தில் நகரும்.

குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கூட்டு நகர்வுதான். பின் தேய்ந்தால் ஒருவிதமான ஒழுங்கு. கிளாம்பு தளர்ந்தால் அது அழுத்தும் திசையில் வேறொருவித ஒழுங்கு. தகடே பிரஸ்ஸிலிருந்து கோணலாக வந்திருந்தால், மற்ற முனைகள் அடங்கி நிற்க, கோணலான இடத்துக்கு மட்டும் உரிய ஒழுங்கு. தாங்கியின் வரைபடத்தைக் கொண்டே ஒவ்வொரு பழுதும் எத்தகைய ஒழுங்கை விளைவிக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, லைனிலிருந்து வரும் எண்களில் முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற கணிதமுறையால் மிக ஓங்கித் தெரியும் கூட்டு நகர்வைப் பிரித்தெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த ஸ்டேஷனில் எந்தப் பின் என்று விரல் நீட்டிச் சொல்லிவிடலாம். 1990களின் நடுவில் டாரியுஸ் ஸெக்லாரெக், ஜியான்ஜுன் ஷி ஆகியோர் விரிவாக வளர்த்த முறை இதுவே.

எனினும் ஓர் ஆச்சரியம் இடையில் குறுக்கிட்டது. கடினமான பாகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அவற்றின் சிதறல்கள் கூடிக்கொண்டே போகும் என்பது பொறியியலாளர் அனைவரும் படித்த பாடம். வளையும் தன்மையுள்ள மெல்லிய தகடுகளுக்கு அப்பாடம் அப்படியே பொருந்தாது என்பதை 1980லேயே தக்கெஸாவா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டியிருந்தார். வலுவான சட்டத்தோடு மெல்லிய தகட்டைச் சேர்த்து இறுக்கிப் பற்றவைக்கும்போது, தகடு தன் கோணலை விட்டுச் சட்டத்தின் வடிவத்துக்கே இணங்கி வந்துவிடுகிறது; ஆகவே சேர்த்த பின் சிதறல் குறையவும் கூடும். ஸ்டேஷன்தோறும் சிதறல் எப்படிக் கூடியும் குறைந்தும் நதிபோல் ஓடிவருகிறது என்பதை விளக்கி ஹூ 1997இல் வெளியிட்ட கோட்பாடு இந்த உண்மையையும் கணக்கில் கொண்டது. உயிரற்ற இரும்பே ஆயினும் அதன் குணமறியாமல் அதன்மேல் பழி சுமத்தலாகாது என்பதற்கு இது தக்க உதாரணம்.

விளைவை அளப்பதோடு நில்லாமல் வேலை நடக்கும்போதே அதைக் கவனிக்கும் இந்தப் போக்கு, வெல்டிங் பரிசோதனையிலும் காணப்படுகிறது. பொட்டு பிடித்ததா என்று அறிய, இரு தகடுகளுக்கும் நடுவே உளியைச் செருகிச் சுத்தியலால் அடித்துப் பார்ப்பதும், சில சமயம் ஒரு முழுப் பாடியையே பிரித்துப்போட்டுப் பார்ப்பதும் பழைய முறை. சந்தேகம் தீரும், ஆனால் பிரித்துப்போட்ட பாடி விலை போகாது. இதற்கு மாற்றாக, வினாடிக்கு 1.5 கோடி முதல் 2 கோடி வரை அதிரும் நுண்ணொலியைத் தகட்டுக்குள் செலுத்தினால், பிடித்திருந்த பொட்டில் அது இரண்டாவது தகட்டின் அடிப்புறம்வரை சென்று திரும்பும். பிடிக்காததில் முதல் தகட்டின் அடியிலேயே முட்டித் திரும்பிவிடும். டெட்ராய்ட் ஆற்றுக்கு மறுகரையில், கனடாவின் விண்ட்ஸர் பல்கலைக்கழகத்தில் ரோமன் மாயெவ் குழுவினர் ஒலிக்கருவியை வெல்டிங் முனைக்கு உள்ளேயே பொருத்தி, உலோகம் உருகிக் குளமாவதை உருகும் வேளையிலேயே எதிரொலியால் கண்காணிக்கும் முறையை உருவாக்கினார்கள். உருகிய உலோகத்தில் ஒலி மெதுவாகச் செல்வதால், எதிரொலி திரும்பும் நேரமே உருகலின் ஆழத்தைத் தெரிவித்துவிடுகிறது.

இனி, கருவிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆரம்பத்தில் கதவோரம், முன்கண்ணாடிச் சட்டம் என்று வாங்குவோர் கண்ணுக்குப் படும் இடங்களையே அளந்தார்கள். பொருளின் நலத்தை அறிய அவை ஏற்றவை. பழுதின் மூலத்தை அறிய ஏற்றவை என்று சொல்ல முடியாது. வெவ்வேறான இரண்டு பழுதுகள் அவ்விடங்களில் ஒரே ஒழுங்கை விளைவிக்குமானால், அங்கே நூறு கருவிகளுக்கு இருநூறு வைத்தாலும் இரண்டையும் வேறுபிரிக்க முடியாது. வேறிடத்தில் தக்கபடி வைத்த சில கருவிகள் உடனே பிரித்துக்காட்டிவிடும். எனவே தாங்கிகளின் அமைப்பை முதலில் ஆராய்ந்து, எந்த முனையைப் பார்த்தால் எந்தப் பழுது வெளிப்படும் என்று கணித்து, அதற்கேற்பக் கருவிகளைப் பரப்பிவைப்பதே ஒரு தனித்துறையாக வளர்ந்துவிட்டது.

இன்று காமிராக்களும் செயற்கை அறிவும் தொழிற்சாலைகளில் விரைந்து புகுந்துவருகின்றன. வர்ணத்தில் ஒரு தூசியையும், தகட்டில் ஒரு கீறலையும் மனிதக் கண்ணைவிட விரைவாகப் பிடிக்கும் யந்திரங்கள் வந்திருப்பதில் மகிழ்ச்சியடைய வேண்டியதுதான். ஆனால் அவற்றின் தகுதியை நிர்ணயிக்கும்போது, எத்தனை பழுதுகளைப் பிடித்தது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அடுத்த காரில் அப்பழுது நேராமலிருக்க எங்கே போய் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லிற்றா என்றும் கேட்பதே முறை. முதற்கேள்விக்கு மட்டும் விடையளிக்கும் யந்திரம் ஒதுக்கித்தள்ளும் கார்களின் எண்ணிக்கையைப் பெருக்குமேயன்றி, நல்ல கார்களின் எண்ணிக்கையை உயர்த்தாது. தேய்ந்த பின் ஒன்றை மாற்றுவதற்கு ஒரு ஃபிட்டருக்குச் சில நிமிஷங்கள் போதும். எந்தப் பின் என்று அவருக்குச் சொல்வதற்குத்தான் இத்தனை லேசரும் இத்தனை கணிதமும் வேண்டியிருந்தன.