கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

வீட்டு வேலையின் நாள் முந்தின மாலையே தொடங்கிவிடுகிறது. ஊறிய உளுந்தைக் கிரைண்டரில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து நுரைத்துப் பொங்கும்வரை அரைத்து, அரிசி மாவோடு சேர்த்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடிவைத்ததும் அடுப்படி விளக்கு அணைந்துவிடும். பாத்திரத்துக்குள் அப்போதுதான் வேலை ஆரம்பம்.

உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டிக்கொண்டு வந்த பாக்டீரியாக்கள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று பெருகத் தொடங்குகின்றன. அவற்றுள் முதன்மையானது லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற சிறு உருண்டை. இட்லி மாவைப் பொங்கவைப்பது பெரும்பாலும் இதுதான் என்பதை எஸ்.கே. முகர்ஜி, கீத் ஸ்டைன்கிராஸ் முதலிய ஆய்வாளர்கள் 1965-இல் காட்டினார்கள். இந்த உயிரி வெளிவிடும் பொருள்களில் இரண்டு இங்கே முக்கியம்: லாக்டிக் அமிலம், கரியமில வாயு. அமிலம் மாவைப் புளிக்கவைக்கிறது. அந்தப் புளிப்பில் நமக்குக் கேடு செய்யும் பல கிருமிகளால் தலையெடுக்க முடியாது. வாயு மாவை மேலே தூக்குகிறது.

அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் இவ்வளவு பொங்காது. வாயு வந்த வேகத்தில் குமிழி உடைந்து வெளியேறிவிடும். உளுந்தில் உள்ள ஒருவகைப் புரதமும், விரலில் வழுவழுப்பாக உணர்கிறோமே அந்தப் பிசினும் சேர்ந்து குமிழிகளைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. மாவைக் காலையில் ஆவியில் வேகவைக்கும்போது அந்தச் சுவர்கள் அப்படியே கெட்டிப்படுகின்றன. இட்லியைப் பிட்டால் தெரியும் ஒவ்வொரு துளையும் ஓர் இரவு முழுக்க ஒரு கூட்டம் மூச்சுவிட்ட தடம்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது மாவு அரைப்பவரின் கணிப்பு. மார்கழிக் குளிரில் மாவுப் பாத்திரத்தை அடுப்புக்கு அருகில் நகர்த்துவார். சித்திரை வெயிலில் சீக்கிரமே ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவார். குளிர்நாட்டுக்குக் குடிபோன தமிழர்கள் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை வைக்கிறார்கள். கண்ணால் பார்க்க முடியாத ஓர் உயிரினத்துக்கு எந்த வெப்பத்தில் பசிக்கும் என்று அறிந்து, அதற்கேற்பப் பண்ணை நடத்துகிற அறிவு இது.

விடிந்ததும் பால். பாக்கெட் பால் பண்ணையிலேயே 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கப்பட்டு வந்திருக்கிறது. நாமோ அதை மறுபடியும் பொங்கக் காய்ச்சுகிறோம். தயிருக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. 80 டிகிரியைத் தாண்டும்போது பாலின் மோர்ப்புரதங்கள் முறுக்கு அவிழ்ந்து, கேசின் என்ற முக்கியப் புரதத்தின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாக உறைகிறது. காய்ச்சிய பாலில் உடனே உறை ஊற்றக்கூடாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரி அளவுக்கு, ஆறவேண்டும். அதற்கு மேல் வெகுவாகச் சுட்டால் உறைமோரில் உள்ள உயிரிகள் செத்துப்போகும்; நன்றாக ஆறிவிட்டால் சோம்பிக் கிடக்கும். ஒரே பாத்திரத்தில் முதலில் வேண்டாதவற்றைத் தீயால் அழித்து, பிறகு வேண்டியவற்றைக் குடியேற்றுகிறோம். ஆய்வுக்கூடத்தில் இதே வேலையைச் செய்பவருக்கு நுண்ணுயிரியல் நிபுணர் என்று பெயர்.

அடுப்படியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நேராகவே ஓர் அறிவு போயிருக்கிறது. ஜெர்மனியில் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் கூடத்தில் வால்ட்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் காற்றில் உள்ள கிருமிகளை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமிகளை வளர்க்க அப்போது ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். கோடையில் அது உருகி ஓடிற்று. சில கிருமிகள் அதையே தின்று நீராக்கின. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே கூடத்து வேலைகளில் உதவிவந்தவர், ஆய்வுப் படங்களை வரைந்தவர். வீட்டில் அவர் செய்யும் ஜெல்லி மட்டும் கோடையிலும் உருகாமல் நின்றது. ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டைவீட்டாரிடமிருந்து அவர் கற்ற கைப்பக்குவம் அது. அதில் சேர்வது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார். 1881-இல் அதைக் கூடத்திலும் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். கொதிநீரில் கரையும், 40 டிகிரிக்குக் கீழே உறையும், ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வரை உருகாது, பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. இன்றுவரை உலகெங்கும் மருத்துவமனைக் கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் பெரும்பாலும் இருப்பது அகார்தான். காசநோய்க் கிருமியைப் பற்றி 1882-இல் கோக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகார் பற்றி ஒரு வரி உண்டு. ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் இல்லை. இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விடுபடல்.

நம் பாம்பன், ராமேசுவரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாறைகளிலிருந்து பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் அகார் எடுக்கத்தான் போகிறது. குடும்பத்தைக் காக்க அவர்கள் பறிப்பது போன்ற பாசிகளை நம்பித்தான் மருத்துவக் கூடங்கள் இயங்குகின்றன.

மதியச் சமையலில் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வெப்பம் 120 டிகிரியை ஒட்டி இருக்கும். அறுவைக் கருவிகளைச் சுத்தப்படுத்தும் ஆட்டோகிளேவும் ஏறத்தாழ இதே வெப்பத்தில்தான் வேலை செய்கிறது. சாதாரணமாகக் கொதிக்கும் நீரில் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அதைத் தாங்கிக்கொண்டு, சோறு ஆறியபின் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். மீந்த சோற்றை நேரத்தோடு ஃபிரிட்ஜில் எடுத்துவை என்று வீட்டுப் பெரியவர் அவசரப்படுத்துவது சரியான அவசரம்.

சோப்பின் வேலையும் எளிமையானதுதான். அதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். கையிலுள்ள பிசுக்கோடு கிருமிகளையும் பெயர்த்து நீரில் அனுப்பிவிடும். சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு, படுக்கையில் இருக்கும் பெரியவருக்குத் துணி மாற்றிவிட்டு, அடுத்து அடுப்படிக்குள் நுழையும் கைகளுக்கு இதைவிடப் பெரிய காவல் வேறில்லை.

துணியும் காக்கும். வங்கதேசத்துக் கிராமங்களில் குளத்து நீரைக் குடிக்கும் குடும்பங்களைக் காலரா வாட்டியது. ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, காலராக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய கணுக்காலிகளின் மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கண்டார். கிருமியை வடிகட்டத் துணியால் முடியாது; அது ஏறிவரும் வாகனத்தை வடிகட்ட முடியும். பருத்திப் புடவையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் எடுக்கச் சொன்னார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி அந்தக் கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. புதுப் புடவையைவிடப் பழைய புடவை நன்றாக வடிகட்டியது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறி, துளைகள் சுருங்கியிருந்ததே காரணம்.

இந்த வரிசையில் ஆகப் பெரியது உப்பும் சர்க்கரையும். காலராவிலும் கடும் பேதியிலும் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. வெறும் தண்ணீர் கொடுத்தால் குடல் அதைப் போதிய அளவு உறிஞ்சாது. ஆனால் சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் உப்பின் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் ஒரு வாசல் உண்டு. 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் அதை விளக்கினார். அந்த வாசல் வழியே இரண்டும் உள்ளே போனால் நீரும் பின்னாலேயே போகும். காலராவின் நஞ்சு குடலை எவ்வளவு குலைத்தாலும் அந்த ஒரு வாசலைக் கெடுப்பதில்லை. உயிர் பிழைக்கும் வழி அங்கே இருந்தது.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸின் பொறுப்பில் இருந்த வார்டில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கணக்கிட்டுப் பெரிய பீப்பாய்களில் கரைத்து, குழாய் பொருத்திவைத்தார். அதைக் குவளையில் பிடித்து நோயாளிக்குக் கொடுத்தவர்கள் உடன் வந்த உறவினர்கள்தான்: தாய், அக்கா, கணவன். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. படித்த மருத்துவர் இல்லாமல் இது ஆபத்து என்று பலர் நினைத்த காலத்தில், கவனித்துக்கொள்ளும் கைகளை ஒரு மருத்துவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அங்கே மருந்தைக் கொண்டுசேர்த்தது.

பின்னர் 1980-இல் தொடங்கிப் பத்தாண்டுகள், பிராக் என்ற தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் வங்கதேசத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தாய்மார் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருந்தார்களோ அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம். 1980-களின் தொடக்கத்தில் உலகில் ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் கீழே. நல்ல குடிநீருக்கும் தடுப்பூசிக்கும் இதில் பங்குண்டு. சிட்டிகை அளக்கத் தெரிந்த விரல்களுக்கும் பெரும் பங்குண்டு.

2024-ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும் ஆண்கள் 88 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுவதாகச் சொல்கிறது. இவ்வளவு அறிவும் பொறுப்பும் ஒருவர் கையிலேயே தேங்கிக் கிடப்பது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அந்த ஒருவர் ஊரில் இல்லாத இரவில்தான் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம்.

ஆகவே வீட்டில் உள்ள எல்லோரும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உட்பட, ஒரு கரைசலைக் கலக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்த உப்பு-சர்க்கரைக் கலவையின் பாக்கெட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக்கடையிலோ வாங்கி வீட்டில் வையுங்கள். எவ்வளவு நீருக்கான பாக்கெட் என்று படித்துவிட்டு, காய்ச்சி ஆறிய நீரில் அதே அளவுக்குக் கரையுங்கள். பாக்கெட் இல்லாத வேளையில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளக்கவேண்டும். சர்க்கரை கூடினால் குடலுக்குள் நீரை இழுத்து நோயை அதிகமாக்கும். பழச்சாறு பாக்கெட்டும் குளிர்பானமும் இதற்கு ஈடாகாது. சிறுகச் சிறுகக் கொடுங்கள், தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள், கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.