ஒரு ஸ்கைலைனின் உடலும் இன்னொரு ஸ்கைலைனின் அடித்தளமும்

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் இரண்டு கதவு ஹார்ட்டாப் 1970 அக்டோபரில் வந்தது. ஜப்பானில் அதை ஹகோசுகா என்று அழைக்கிறார்கள். 1,989 சிசி எஸ்20 எஞ்சின், 160 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். 1989இல் வந்த ஆர்32 ஜிடி-ஆரில் இருப்பது 2,568 சிசி ஆர்பி26 எஞ்சின். இரண்டு டர்போக்கள், 280 குதிரைத்திறன், தேவைப்படும்போது முன்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் நான்கு சக்கர இயக்கம். ஹகோசுகாவுக்குள் ஆர்பி26 எஞ்சினை இறக்குவது ஜப்பானியப் பட்டறைகளுக்குப் பழகிய வேலை. அதையே 1/24 அளவில், இரண்டு பிளாஸ்டிக் கிட்களைச் சேர்த்து, ஒரு படி மேலே கொண்டுபோகலாம். உடல் ஹகோசுகா கிட்டிலிருந்து வரும். அடித்தளம், எஞ்சின், சஸ்பென்ஷன் ஆகியவை ஆர்32 கிட்டிலிருந்து வரும்.

எஞ்சினை மட்டும் மாற்றாமல் அடித்தளத்தையே மாற்றுவதற்குக் காரணம் உண்டு. ஆர்32இல் முன் டிஃபரன்ஷியல் எஞ்சினின் ஆயில் தொட்டியோடு இணைந்தே இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால் எஞ்சின், கியர்பாக்ஸ், இரண்டு அச்சுகள் எல்லாம் ஒரே தொகுதியாக வந்தாக வேண்டும்.

முதலில் கிட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவுவிகிதத்தில் இருப்பது கட்டாயம். 1/24க்கும் 1/25க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும். ஆனால் 4,330 மி.மீ. நீளமுள்ள ஹகோசுகா 1/24இல் 180.4 மி.மீ., 1/25இல் 173.2 மி.மீ. ஏழு மி.மீ. வேறுபாட்டை எந்தப் பட்டியாலும் மறைக்க முடியாது. ஆர்32 கிட் முழு எஞ்சினும் தனித்தனி சஸ்பென்ஷன் பாகங்களும் உள்ளதாக இருக்க வேண்டும். அடிப்பாகம் ஒரே தகடாக வார்க்கப்பட்ட கிட் இதற்கு உதவாது.

இரண்டு கிட்களின் பாகங்களையும் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஓர் இரவு காயவிட வேண்டும். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை நீங்கினால்தான் பசையும் பெயின்டும் பிடிக்கும்.

அடுத்தது கணக்கு. வெட்டுகள் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுவதால், முழு வேலையிலும் இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும் என்பது என் கருத்து. ஹகோசுகாவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,570 மி.மீ., ஆர்32இல் 2,615 மி.மீ. வேறுபாடு 45 மி.மீ. அதை 24ஆல் வகுத்தால் 1.9 மி.மீ. ஆர்32இன் மொத்த நீளம் 4,545 மி.மீ. என்பதால் மாதிரியில் அது ஹகோசுகாவைவிட 9 மி.மீ. நீளம். அதில் 1.9 மி.மீ. அச்சுகளுக்கு நடுவே போகும். மீதி 7.1 மி.மீ. அச்சுகளுக்கு வெளியே, முன்முனையிலும் பின்முனையிலும் கழியும்.

அகலத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏட்டில் ஆர்32 ஜிடி-ஆர் 1,755 மி.மீ., ஹகோசுகா ஜிடி-ஆர் 1,665 மி.மீ. இந்த எண்களை வைத்து வெட்டினால் அடித்தளம் உடலுக்குள் போகாது. இரண்டிலும் அகலத்தைக் கூட்டிக் காட்டுவது சக்கர மட்கார்டுகளின் வீக்கம். வீக்கம் இல்லாத சாதாரண வடிவங்களின் அகலம் 1,695, 1,595 மி.மீ. ஆகவே உண்மையான வேறுபாடு 100 மி.மீ., மாதிரியில் 4.2 மி.மீ. இடது வலது முன்சக்கரங்களுக்கு இடையிலான தூரமோ 1,480க்கு 1,370, அதாவது 4.6 மி.மீ. வேறுபாடு. இரண்டுக்கும் நடுவில் 4.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அடித்தளத்துக்கும் உடலுக்கும் இடையே பெயின்ட் தடிமனுக்கு இடம் கிடைக்கும். முன்சக்கரங்களில் மிஞ்சும் 0.2 மி.மீ. வேறுபாட்டை ஹப்பின் முகத்தைத் தேய்த்தே தீர்க்கலாம். இவை காகிதத்தில் போட்ட கணக்கு. கிட் தயாரிப்பாளர்கள் தோற்றத்துக்காக அளவுகளைச் சற்று மாற்றுவது உண்டு. எனவே வெர்னியர் காலிப்பரால் பிளாஸ்டிக்கையே அளந்து, எண்களைத் திருத்திய பிறகுதான் ரம்பத்தைத் தொட வேண்டும்.

வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் இந்த வேலையின் தரம் இருக்கிறது. 4.4 மி.மீ. பட்டையை நட்டநடுவில் எடுத்தால் கியர்பாக்ஸ் மேடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடும் பாதையும் சிதையும். மேட்டுக்கு இடப்பக்கம் 2.2 மி.மீ., வலப்பக்கம் 2.2 மி.மீ. என்று இரண்டாகப் பிரித்தால் நடுப்பகுதி தொடாமல் நிற்கும். வெட்டுகள் விழுவது மேட்டுக்கும் நீளவாட்டுச் சட்டத்துக்கும் இடையே உள்ள தட்டையான தரையில். நீளத்தைக் குறைக்கும் 1.9 மி.மீ. குறுக்குவெட்டுக்கும் அதேபோல் முன் இருக்கைக்குக் கீழே தட்டையான இடம் இருக்கிறது. மூன்று வெட்டுகளும் மேலே இருக்கைத் தளத்தால் மறையும். கீழே அவை உண்மையான காரில் தகடுகள் சேரும் கோடுகளைப் போலவே தெரியும்.

குறுக்குவெட்டுதான் முதலில். அடித்தளம் முழு அகலத்தில் இருக்கும்போது இரு பக்க ஓரங்களும் நேராக இருக்கும், மூலைமட்டம் வைப்பது எளிது. நீளவாட்டில் முதலில் அறுத்தால் மூன்று வளைந்த துண்டுகளையும் தனித்தனியே குறுக்கே அறுக்க வேண்டிவரும். மாஸ்கிங் டேப்பின் மேல் கூர்மையான பென்சிலால் 1.9 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, ரம்பத்தைக் கோடுகளுக்கு உள்ளே, கழியப்போகும் பட்டையின் பக்கமாக ஓட்ட வேண்டும். மெல்லிய ரேசர் ரம்பமே 0.2 மி.மீ. பிளாஸ்டிக்கைத் தூளாக்கிவிடும். பிறகு தடித்த கண்ணாடியின் மேல் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, வெட்டுமுகங்களை அதில் செங்குத்தாகத் தேய்த்துக் கோட்டைத் தொடும்வரை கொண்டுவர வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு முகங்களுக்கும் நடுவே கோடு தெரியக் கூடாது.

ஒட்டுவதும் அதே கண்ணாடியின் மேல்தான். துண்டுகளைச் சேர்த்து, பக்கங்களில் இரும்பு ஸ்கேல்களை அணைத்து, பச்சை மூடி போட்ட டமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த பசையை இணைப்பின் ஒரு முனையில் தூரிகையால் தொட்டால் போதும். அது இடுக்கில் தானே ஓடிப் பரவும். இந்தப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு முகங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. சூப்பர் குளூ விரைவாகப் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டு அழுத்தத்தில் சட்டென்று விட்டுவிடும். அடித்தளத்துக்கு அது ஏற்றதல்ல. ஓர் இரவு காய்ந்ததும் மேல்பக்கத்தில், இணைப்பின் குறுக்கே 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகட்டுப் பட்டைகளை ஒட்ட வேண்டும். அதன் பிறகு நீளவாட்டு வெட்டுகள் இரண்டையும் இதே முறையில் செய்து, முழு அடித்தளத்தையும் 24 மணி நேரம் எடை வைத்துக் காயவிடலாம்.

சஸ்பென்ஷன் பாகங்களும் இதே கணக்கைப் பின்பற்றுகின்றன. டிஃபரன்ஷியலைத் தொடாமல், பக்கத்துக்கு 2.2 மி.மீ. வீதம் கீழ்க்கைகளிலும் டிரைவ் ஷாஃப்ட்களிலும் குறைக்க வேண்டும். இவ்வளவு மெல்லிய தண்டுகளை வெறும் பசையால் சேர்க்கக் கூடாது. வெட்டிய முகங்களின் மையத்தில் கைத் துரப்பணத்தால் 0.5 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகினால் இணைப்பு நேராகவும் உறுதியாகவும் நிற்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் 1.9 மி.மீ. குறைகிறது. சைலன்சர் குழாயை அது வளையும் இடத்தில் வெட்டினால் இணைப்பு தெரியாது.

சக்கரங்கள் பெயின்டுக்கு வெகு முன்பே முடிவாக வேண்டும். ஆர்32இன் 225/50 ஆர்16 டயர் மாதிரியில் 26.3 மி.மீ. விட்டமும் 9.4 மி.மீ. அகலமும் கொண்டது. பின்பக்கம் ஹகோசுகா ஜிடி-ஆருக்கே உரிய திருகிப் பொருத்திய மட்கார்டு விளிம்புகள் அதற்கு இடம் கொடுக்கும். முன் வளைவுகள் கொடுக்காது. என் தேர்வு எட்டு ஆரம் கொண்ட வாட்டனபே சக்கரங்கள், முன்னே குறுகலான டயர், பின்னே அகலமான டயர். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பித்தளைக் குழாய்களில் சிறியதை ஆர்32 ஹப்பிலும் பெரியதைச் சக்கரத்திலும் பதித்தால் எந்தக் கிட்டின் சக்கரமும் இந்த அச்சில் சுழலும்.

இனி உடல். பல ஹகோசுகா கிட்களில் பானெட் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். எஞ்சின் தெரிய வேண்டுமானால் அதைப் பிரிக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் 0.4 மி.மீ. துளையிட்டு, கத்தியின் முதுகுப்புறத்தால் கோட்டின் வழியே மெதுவாக, பலமுறை கீறிக்கொண்டே போனால் பிளாஸ்டிக் சுருள் சுருளாக வெளிவரும். உட்புறத்தில் கோடு வெளிறித் தெரியத் தொடங்கும்போது அழுத்தத்தை இன்னும் குறைக்க வேண்டும். பிரிந்த பானெட்டின் ஓரங்களில் 0.25 மி.மீ. ஸ்டைரீன் பட்டை ஒட்டித் தேய்த்து, சுற்றிலும் 0.3 மி.மீ. இடுக்கு வரும்படி செய்ய வேண்டும். பெயின்ட் ஏறியதும் அது உண்மைக் காரின் இடுக்குபோல் சுருங்கிவிடும்.

உடலின் பக்கங்களில் முன், பின் அச்சு மையங்களை டேப்பில் குறித்துக்கொண்டு அடித்தளத்தை உள்ளே நுழைத்துப் பார்க்கும் கட்டம் இது. முன்முனையையும் பின்முனையையும் சிறிது சிறிதாகக் கழித்து, அச்சு மையங்கள் குறிகளின் நேரே வரும்வரை திரும்பத் திரும்பப் பொருத்த வேண்டும். இன்டர்கூலர் நிற்பதற்கு முன்பம்பருக்குப் பின்னால் இடம் விட வேண்டும். பிறகு உடலின் உட்புறத்தில் நான்கு ஸ்டைரீன் தூண்களை நிறுத்தி, அடித்தளத்தைச் சிறு திருகுகளால் பிணைக்கலாம். திருகில் பிணைத்தால் இரண்டையும் தனித்தனியே பெயின்ட் அடிக்கலாம், கடைசியில் சேர்க்கலாம்.

ஆர்பி26 உயரமான எஞ்சின். பானெட்டுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. கேம் மூடியின் மேல் மூன்று இடங்களில் களிமண் உருண்டைகளை வைத்து, பானெட்டை மூடி அழுத்தி எடுத்துவிட்டு, நசுங்கிய களிமண்ணின் தடிமனைக் காலிப்பரால் அளந்தால் விடை தெரிந்துவிடும். அரை மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் எஞ்சின் தாங்கிகளின் அடியைத் தேய்த்து இறக்க வேண்டும். எஞ்சின் இறங்கும் அளவுக்கு முன் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும், ஆகவே இரண்டையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். பானெட்டை உயர்த்துவது சுலபமான வழிதான். ஆனால் ஹகோசுகாவின் தட்டையான முன்முகம் அதில் கெட்டுப்போகும்.

உள்ளே இருக்கைத் தளம் ஆர்32உடையது, அதே 4.4 மி.மீ. குறைத்தது. டாஷ்போர்டும் ஸ்டியரிங்கும் ஹகோசுகாவுடையவை. இரண்டு கார்களும் வலப்பக்க ஸ்டியரிங் கொண்டவை என்பதால் ஸ்டியரிங் தண்டின் வழியை மாற்ற வேண்டியதில்லை.

மீதி எல்லாக் கிட்களுக்கும் பொதுவான வேலை. பட்டியை மெல்லியதாகப் பூசி 24 மணி நேரம் காயவிட்டு 600, 1000 எண் உப்புத்தாள்களால் தேய்க்க வேண்டும். கதவுக் கோடுகளைப் பிரைமருக்கு முன்பே சற்று ஆழப்படுத்திக்கொள்ள வேண்டும். பிரைமர் காய்ந்ததும் லாக்கர் நிறத்தை 20 நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சுகளாக அடிக்கலாம். நிறத்துக்கு என் தேர்வு ஆர்32இன் கன் கிரே மெட்டாலிக். அடியில் இருக்கும் காரின் அடையாளமாக அது மேலே வரட்டும். கிளியர் பூச்சை ஒரு வாரம் இறுகவிட்டு, 2000 எண் ஈரத்தாளும் பாலிஷ் பசையும் போட்டுத் துடைக்கலாம்.

இறுதியில் அடித்தளம், எஞ்சின், இருக்கைத் தளம், உடல் என்ற வரிசையில் சேர்த்துத் திருகுகளை முடுக்க வேண்டும். காரைக் கண்ணாடியின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் காகிதத் துண்டைச் செருகிப் பார்க்க வேண்டும். நான்கிலும் அது ஒரே அளவில் சிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தளர்ந்து நழுவினால், அந்த மூலையின் ஹப்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதிக்கலாம். மட்கார்டுகளின் மேல் நிற்கும் இரண்டு கண்ணாடிகளையும் எல்லாவற்றுக்கும் பிறகே ஒட்ட வேண்டும். அவற்றின் தண்டு மெல்லியது, உடலைத் திருப்பிப் பிடிக்கும் வேலை எதுவும் பாக்கி இருக்கக் கூடாது.